திரும்பி வரும் வழி

சைக்கிள் பாரில் மாட்டிய பலகையின் இடப்பக்கத்தைக் கந்தசாமி பட்டுக்கடைக்கும், வலப்பக்கத்தை எதிர்க்கடைப் பச்சையப்பனுக்கும் விளம்பரத்துக்கு விற்றிருந்தான் பன்னீர்செல்வம். அந்த இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. விடிந்ததும் மனைவிக்கு அவசரமாகக் கிறுக்கினான்:

"கெங்கா, நீ தூங்கிகினு இருந்தே. சாவி ஜன்னல்ல இருக்குது. முள்ளிப்பட்டுல பட்டுநூலைக் குடுத்துட்டுக் கடைத்தெருவுக்குப் போறேன். போறப்ப அவங்கவங்க பேரு அவங்கவங்க கடையைப் பார்க்கும். அதே வழியில திரும்பினா பக்கம் மாறிப்பூடும். அதனால ஆத்தங்கரையைச் சுத்தித்தான் வருவேன், சோத்துக்குக் காத்துகினு இருக்காதே. முதலாளி யாராவது வந்தா மோர் குடு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா கதவையே தெறக்காதே."

கிளம்பியவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்:

"'திரும்பி வர்றப்ப என்ன பண்ணுவீங்க'ன்னு நேத்து நீ கேட்டே. பதில் தெரியாமதான் கத்தினேன்."