கடைசி அலசு

அன்புள்ள அக்காவுக்கு,

பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, மாலை 4.10. உன் கட்டுரையில் எழுதியிருக்கும் முறைப்படி இதுவரை முப்பத்தேழு சோலார் செல் செய்திருக்கிறேன். நீ சொன்னபடி நடந்துகொண்டது ஒன்றே ஒன்று. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கிடுவாய், நான் கத்துவேன். அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் தேவலை. மருத்துவர் நடக்கச் சொன்னது அரை மணி நேரம். இவர் பதினெட்டு நிமிடத்தில் வந்து நின்று, வேகமாக நடந்துவிட்டேன் என்கிறார். உனக்கு வேலை கிடைத்துவிட்டதாகவே அம்மா எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். நேர்காணலே பதினெட்டாம் தேதிதான் என்றேன். "அதெல்லாம் அவ வாங்கிடுவா. நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாள். சும்மா இருக்க முடியாத ஒரு விஷயம் வந்திருக்கிறது.

உன் செல்லைப் பற்றி உனக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் நான் எங்கே தடுக்கினேன் என்று உனக்குப் புரியும். வெயில் பட்டதும் உன் சாயம் கருநீலமாகிறது, மின்சாரம் வருகிறது. அதுவரை எனக்கும் சரி. வெளிச்சத்தை எடுத்தால் நான்கு நிமிடத்தில் தெளிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஜன்னல் கண்ணாடியாகப் பதித்தால் வெயில் போய் மேகம் மூடிய பிறகும் வீட்டுக்காரன் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். நீ வேலை செய்த இதே லேபில் எல்லோரும் அதையே சந்தேகப்பட்டார்கள் என்பது வேறு விஷயம். "அக்கா கையில இருந்தது தம்பி கையில இல்லையே" என்று மைக்ராஸ்கோப் அறைக்காரர் தினம் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறார். விளக்கை மாற்றினேன். கரைப்பானைப் புதிய பாட்டிலில் எடுத்தேன். ஏசியை அணைத்துப் பார்த்தேன். சாயத்தை மூன்று முறை புதிதாகத் தயாரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பத்தொன்பதாவது செல் மட்டும் நான்கு நிமிடம் பத்து வினாடியில் தெளிந்தது. ஏன் என்று தெரியவில்லை. நோட்டைப் புரட்டினால் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று ஒன்பது நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள்தான் ஞாபகம் வந்தது, எழுதாமல் விட்டவன் நான். அன்றைக்குக் கிண்ணங்கள் எல்லாம் கழுவும் மெஷினுக்குள் இருந்தன. அது முடிய நாற்பது நிமிடம். எனக்கா பொறுமை? உன் பழைய அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கிண்ணம் சுத்தமாக இருந்தது. எடுத்து, சாயத்தை ஊற்றி, செல்லை ஊறப் போட்டேன்.

அதே கிண்ணத்தை மெஷினில் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். மூன்று மணி நேரம். கிண்ணம் அதே, சாயம் அதே, கையும் அதே. மாறியது கழுவல் மட்டும்.

உன் காலத்தில் மெஷின் ஏது? லேபின் கண்ணாடிப் பாத்திரங்களையெல்லாம் நம் கண்ணாடியம்மாதான் கையால் கழுவினார். இப்போது ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "நீ அந்தப் பொண்ணோட தம்பியா? மூஞ்சி அப்படியே இருக்கு, பொறுமைதான் இல்லை" என்றார். எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன். "ஏம்ப்பா, பாத்திரம் கழுவினதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சா வந்து விசாரிப்பாங்க?" என்று சிரித்தார். பிறகு சொன்னார். லேப் குழாயில் வருவது உப்புத்தண்ணீராம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்குமாம். "உங்கக்கா ஒரு பொட்டு வெள்ளை இருந்தாலும் திருப்பி அனுப்பிடும். ஒருநாள் பதினொரு கிண்ணம் திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கடைசி அலசுக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு கலக்க ஆரம்பிச்சேன். சொன்னா, எதுக்குக் கண்டதையும் போடறீங்கன்னு திட்டும். அதான் சொல்லலை."

அக்கா, எலுமிச்சை உப்பு. சிட்ரிக் அமிலம். கெட்டிலில் படியும் வெள்ளையைக் கரைக்கக் கடையில் வாங்குகிறோமே, அது. கிண்ணத்தில் கொஞ்சம் ஒட்டி நின்று உன் சாயத்தில் கலந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயக் கரைசலில் ஒரு சிட்டிகை வேண்டுமென்றே போட்டேன். ஐந்து செல், ஐந்தும் நான்கு நிமிடத்துக்குள் தெளிந்தன. உன் மூலக்கூறு குடை மாதிரி. விரிந்தால் நீலம், மடங்கினால் நிறமில்லை. நெரிசல் பஸ்ஸில் குடையை மடக்க முடியுமா? எலுமிச்சை உப்பு நடுநடுவே ஏறி இடம்பிடித்துக்கொள்கிறது, குடைக்கு மடங்க இடம் கிடைக்கிறது. அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது சொல்லப் பிடிக்காத பகுதி. பக்கத்து மூலக்கூறைத் தள்ளி நிறுத்தத்தான் நீ மூன்று வருஷம் உழைத்து உன் மூலக்கூறின் ஓரத்தில் அந்த நீளமான வாலைச் சேர்த்தாய். பதினெட்டாம் தேதி நீ பேசப்போவதும் அந்த வாலைப் பற்றித்தான். நேற்று வால் இல்லாத பழைய சாயத்தை எடுத்து, எலுமிச்சை உப்போடு இரண்டு செல் செய்தேன். நான்கரை நிமிடம். வால் இருந்தும் எலுமிச்சை உப்பு இல்லாத என் முப்பத்தாறு செல்லும் மூன்று மணி நேரம். இடம் வேண்டும் என்ற உன் யோசனை சரி. இடம் கொடுத்தது உன் வால் இல்லை.

பேராசிரியரிடம் இன்று காலை காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். "பதினெட்டு வரைக்கும் பொறு. அவ முதல்ல உள்ள போய் உட்காரட்டும். திருத்தம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். உங்கள் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறதே என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் நீ அங்கே நின்று வாலைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்றால், அப்புறம் நான் உன் முகத்தில் எப்படி விழிப்பது?

நீயே அங்கே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். என்ன கேட்பார்கள், வேலை தருவார்களா, தெரியாது. அது உன் முடிவு. அக்காவைக் கவிழ்க்கத் தம்பி காத்திருந்தான் என்று மட்டும் நினைத்துவிடாதே. இன்னொன்று. எலுமிச்சை உப்புக்குப் பதில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன், பாதிதான் வேலை செய்கிறது. சிட்ரிக்குக்குப் பிடித்துக்கொள்ள மூன்று கை, வினிகருக்கு ஒன்று. அதனாலா? இதை இங்கே யாரிடம் கேட்டாலும் முதலில் உன் முறையைச் சரியாகச் செய்யத் தெரிந்துகொள் என்கிறார்கள். உன்னிடம் கேட்டால்தான் பதிலுக்கு நாலு கேள்வி வரும்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை பன்னிரண்டு செல்: வால் உள்ளது, இல்லாதது, உப்பு போட்டது, போடாதது, வகைக்கு மூன்று. கிண்ணங்களை நானே கழுவுவேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன்.
2. பன்னிரண்டாம் தேதி மாலைக்குள் எண்கள் உனக்கு வரும். உனக்குச் சாதகமோ பாதகமோ, அப்படியே.
3. உனக்கு எழுதிவிட்டேன் என்று பேராசிரியரிடம் நாளை காலையிலேயே சொல்லிவிடுவேன்.
4. நீ படித்துச் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகாது. யாராவது நேராக என்னைக் கேட்டால் மட்டும் பொய் சொல்லமாட்டேன்.
5. அம்மாவிடம் எதையும் சொல்லமாட்டேன்.
6. பதினெட்டாம் தேதி முழுக்க லேபுக்குப் போகமாட்டேன், போனைக் கையில் வைத்திருப்பேன். திட்டுவதற்காவது கூப்பிடு.

உன் தம்பி