தேடினா வாற பேர்

மே 6
மீன்பிடிச் சங்க மண்டபம் கூட்டினன். பிளேன்ரீ ஊத்தினன். டிலக்ஷி இண்டைக்கும் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தாள். கம்பஸ் பெட்டை. சங்கத்துப் பழைய கடதாசி எல்லாத்தையும் படமெடுத்து வெப்சைற்றிலை ஏத்தினவள் — மரண அறிவித்தல், வள்ளம் துலைஞ்ச முறைப்பாடு, பெருநாள் நோட்டீசு. இப்ப கனடாவிலை இருந்து ஏச்சு. தங்கடை ஆக்களின்ரை பேரை அடிச்சுத் தேடினா ஒண்டும் வருகுதில்லையாம்.
"கொம்பியூட்டருக்கு அது வெறும் படம், அன்ரி. உள்ளுக்கு எழுத்து இருக்கெண்டு அதுக்குத் தெரியாது."
"அதுவும் என்னைப்போலை அஞ்சாம் வகுப்போ" எண்டன். சிரிக்கேல்லை. படிச்ச பெட்டையளுக்குச் சிரிப்பு லேசிலை வராது.

மே 9
எனக்கு உத்தியோகம். பழைய கையெழுத்து டிலக்ஷிக்கு விளங்காது, எனக்கு ஆக்களைத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கீழை ஒரு பெட்டி. சனம் என்ன பேரை அடிச்சுத் தேடுமோ அதை அதுக்குள்ளை அடிக்க வேணும். ஒரு விரலாலை அடிக்கிறன், கோழி கொத்தின மாதிரி.
செபஸ்தியான் எண்டு அடிச்சுத் தேடிப் பாத்தா ஒரு பட்டாளம் வருகுது. வீட்டுக்கு ஒரு செபஸ்தியான் உள்ள ஊர்.
"உந்தப் பேரைச் சொல்லி இஞ்சை ஆர் ஆரைக் கூப்பிட்டது? பட்டப்பேரைப் போட்டாத்தான் ஆளைப் பிடிக்கலாம்" எண்டன்.
அவள் யோசிச்சிட்டு, "அப்ப அதையும் போடுங்கோ அன்ரி" எண்டாள்.
பாவம், ஆரிட்டைச் சொல்லுறன் எண்டு தெரியாமல் சொல்லிப்போட்டாள். பட்டம் வைக்கிறதிலை இந்தக் கரையிலை எனக்கு மேலை ஆள் இல்லை.

மே 14
சோடாமூடி. நனைஞ்ச கோழி. கூனிறால். காத்தாடி வின்சன். பாதிக்குமேலை நான் வைச்சது.
ரொறன்ரோவிலை இருந்து லெனாட் போன் எடுத்தவன். "அன்ரி, கூனிறால் எண்டு அடிச்சன், அப்பா வந்திட்டார்." அழுகிறான்.
"அழாதை. அடுத்தமுறை பொரிச்சு அனுப்பிறன்" எண்டன்.

மே 20
இண்டைக்கு என்ரை மனிசன் வந்தவர். அருளப்பு. சங்கம் அடிச்ச மரண அறிவித்தல், கறுப்புக் கரை போட்டது, ஒரு மூலை எலி தின்னது.
பெட்டிக்குள்ளை அருளப்பு எண்டு அடிச்சன். பக்கத்திலை தனியன் எண்டும் அடிச்சன், அந்தப் பேரைத் தேடுறவைக்கும் இந்தச் சாவுதான் வரட்டும் எண்டு.
தனியன் எண்டது செபநாயகம். என்ரை கூடப்பிறந்த தமையன், பக்கத்து வளவு. என்ரை மனிசனோடை ரெண்டு பேராய்க் கடலுக்குப் போய், தனிய வந்தவர். காத்துக்கு வள்ளம் பிரண்டதாம். கையைப் பிடிச்சவராம். வழுக்கினதாம். கேக்க நல்ல கதை. மனிசனைச் சவக்காலையிலை தாட்டுப்போட்டு வந்த கிழமையே அந்தப் பேரை வைச்சன், ஊர் பிடிச்சிட்டுது. இப்ப கோயில் புத்தகத்திலை மட்டும்தான் அவர் செபநாயகம்.
அண்டையிலை இருந்து அவர் தொழிலுக்குப் போற நாளெல்லாம் மதிலிலை ஒரு சொப்பின் பையிலை கறிக்கு மீன் இருக்கும். நான் எடுப்பன். "தனியன் இண்டைக்கும் தனியத்தானோ வந்தது?" எண்டு கேட்டுப்போட்டுத்தான் எடுப்பன். எல்லாருக்கும் பகிடி விடுறன். அவருக்கு மட்டும் விடாட்டிக் குறை நினைப்பாரெல்லே.

ஜூன் 3
தனியன் மண்டபத்துக்கு வந்தவர். சேட்டெல்லாம் போட்டு. நான் ஒருக்காலும் காணாத கோலம்.
"றெஜி, உந்தப் பேரை எடுத்துவிடு."
அவரின்ரை மகன் ஜெரோசன் பாரிசிலை. அவன்ரை பெட்டை ஸ்ரெல்லா தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காக எங்கடை வெப்சைற்றைப் பாத்திருக்கிறாள். தாத்தாவின்ரை ஊர்ப்பேர் தனியன் எண்டு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம். போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள், தனியன் எண்டா என்ன தாத்தா எண்டு. இவர், அது என்ரை வள்ளத்தின்ரை பேர் எண்டு சமாளிச்சிருக்கிறார்.
"ஓகஸ்ட்டிலை வருகினம். நான் அந்தப் பிள்ளையைக் கையிலை தூக்கினதே இல்லை. அது வரமுந்தி எடுத்துவிடு."
"ஏன், வள்ளத்தின்ரை பேர்தானே. இருக்கட்டும்" எண்டன்.
மண்டபத்திலை நிண்டவை எல்லாரும் சிரிச்சவை. அவரும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தவர்.

ஜூன் 4
ஓரா மீன். பெரிசு.

ஜூன் 17
திரும்பக் கேக்கேல்லை. ரோசக்காரன். முந்தியும் இப்பிடித்தான் — கரையிலை எல்லாரும் பாக்கத்தக்கதாய்க் காத்தாடி வின்சன்ரை முன்பல்லை உடைச்சவர். ஏனெண்டு பொலிசுக்கும் சொல்லேல்லை, எனக்கும் சொல்லேல்லை. "கடலிலை காட்டாத வீரம் கரையிலையோ" எண்டு நான் கேட்டதை ஊர் இப்பவும் சொல்லிச் சிரிக்கும்.
நல்ல கேள்விதான்.

ஜூலை 1
டிலக்ஷி பெட்டியைத் திறந்து விட்டிட்டாள். இனி ஆரும் எங்கையிருந்தும் தங்களுக்குத் தெரிஞ்ச பேரைச் சேக்கலாம். மழை மாதிரிக் கொட்டுது. நான் வைச்சு நானே மறந்ததெல்லாம் வருகுது. வாசிச்சு வாசிச்சு வயிறு நொந்துபோச்சு. இண்டைக்குத்தான் டிலக்ஷியும் சிரிச்சவள்.

ஜூலை 5
அருளப்புவின்ரை பெட்டியைப் பாத்தன். அருளப்பு. தனியன். அதுக்குப் பக்கத்திலை ஆரோ புதுசாய்ப் போட்டிருக்கினம்: செத்தவீட்டுச் சிரிப்பு.
ஆர் உது? எனக்குத் தெரியாத பட்டமோ?

அதே நாள், பிறகு
நான்தான்.
என்ரை மனிசனைத் தாட்ட அண்டைக்குச் சவக்காலை வாசலிலை பாண்ட் வாத்தியக்காரன் சறுக்கிச் சேத்துக்குள்ளை இருந்தவன், குழலும் கையுமாய். நான் சிரிச்சன். ஓம். நிப்பாட்ட ஏலாமல் சிரிச்சன். அழுகைதான் அப்பிடி வந்தது — ஆருக்கு விளங்கப்படுத்துறது? சனம் மறந்திருக்கும் எண்டு நினைச்சன். பேர் வைக்கிறவளுக்குப் பேர் இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் தலையை நிமித்தித் திரிஞ்சிருக்கிறன்.
எத்தினை பேருக்குத் தெரியும்? மீன் கடையிலை? கோயிலிலை? நான் பகிடி விட எல்லாரும் சிரிச்சது — எதுக்குச் சிரிச்சவை?
அதை அடிச்சுத் தேடினன். அருளப்பு உடனை வந்தார்.

ஜூலை 8
ரெண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. இண்டைக்குப் போய்ப் பாத்தா அந்தப் பேர் இல்லை.
"செபநாயகம் மாமா நேற்று வந்து எடுப்பிச்சவர்" எண்டாள் டிலக்ஷி. "ஆரோ போனிலை காட்டினவையாம். அது பழைய பேராம் அன்ரி, முதல் கரையிலை வைச்சுச் சொன்னது வின்சன் ஐயாவாம். உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டார். நான்... வாய்தவறி..."
"தன்ரை பேரை எடுக்கச் சொல்லேல்லையோ?"
"கேட்டனான். அது றெஜி போட்டது, அவள்தான் எடுக்க வேணும் எண்டார்."
வின்சன்ரை பல்லு.
தேத்தண்ணி ஊத்த மறந்துபோனன். ஒருத்தரும் கேக்கவும் இல்லை.

ஜூலை 9
தனியனை அழிச்சன். ஒவ்வொரு எழுத்தாய். பிறகு தேடிப் பாத்தன். ஒண்டும் வரேல்லை.

ஓகஸ்ட் 10
பாரிசுக்காரர் வந்திட்டினம். காலமை மதிலிலை சொப்பின் பை. விளைமீன், செதில் தட்டி, வயிறு கீறித் துப்பரவாக்கி. அந்தப் பக்கத்திலை அவர் குந்தியிருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார்.
எல்லாரையும் மத்தியானம் சாப்பிட வரச்சொல்லுவம் எண்டு மதிலடியிலை நிண்டன். என்னெண்டு கூப்பிடுறது? அண்ணை எண்ட சொல்லை வாய்க்குள்ளை தேடிப் பாத்தன். வரேல்லை. மற்றப் பேர் நாக்கு நுனியிலை வந்து நிண்டுது. அதை விழுங்கிக்கொண்டு நிக்க, வீட்டுக்குள்ளை இருந்து ஸ்ரெல்லா கூப்பிட்டாள், பிரெஞ்சு நாக்காலை, நல்ல செல்லமாய்:
"தனியன் தாத்தா, தேத்தண்ணி."
அவர் வலையை வைச்சிட்டு எழும்பினவர்.
"ஓம் பிள்ளை, வாறன்" எண்டார்.