ராஜம்மாளின் மூலை

ஒரத்தநாடு,
தை 24

அன்பு மகள் குந்தவைக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், ஹைஃபாவில் அந்தக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறோம். போனில் நீ கேட்டபோதெல்லாம் பயிர் நன்றாக இருக்கிறது என்றேன், அது பொய். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பொங்கல் கழிந்து பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை, அறுக்க நின்ற சம்பா முழுதும் சாய்ந்து தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. அறுப்பு மிஷின் வைத்திருக்கும் சிங்காரவேலு வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வண்டியை இறக்கினால் புதைந்துவிடும், இதை அறுத்தும் புண்ணியமில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

போன தையில் நீ சொன்னதுதான் இப்போது ஓயாமல் நினைவில் வருகிறது. நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் மிரியம் அம்மா யூதர், அவர்கள் தானத்துக்குச் செதாக்கா என்று சொல்வார்கள், அது நீதி என்ற சொல்லோடு பிறந்த சொல், இரக்கத்தோடு பிறந்ததல்ல என்று உனக்குச் சொன்னார்களாம். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், அது இல்லாதவர்களுடையது, நம்முடையதே அல்ல என்றார்களாம். மிஷின் வந்தபிறகு வயலில் பொறுக்கக்கூட ஒன்றும் மிஞ்சுவதில்லையே என்று நானும் ஒரு மூலையை விட்டேன். இருபது வருடமாக நமக்கு நாற்று நட்ட ராஜம்மாளைக் கூப்பிட்டு அறுத்துக்கொள்ளச் சொன்னால், எனக்கு எதுக்கு ஐயா பிச்சை என்று கேட்டுவிட்டாள். உன் பேச்சையே சொன்னேன். "இது நான் குடுக்கறது இல்ல ராஜம்மா, இந்த மூலை உன்னதுதான்." அரிவாளோடு இறங்கினாள். அன்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

இந்த வருடம் அவள் மூலையும் அழுகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூக்குவாளியில் ரேஷன் அரிசியோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா வெளியே வரவேயில்லை. உனக்கே பத்தாது, எடுத்துப் போ என்றேன். "அன்னைக்கு நீங்க சொன்னப்ப நான் வாங்கிக்கிட்டேன்ல ஐயா, இப்ப நீங்க வாங்கிக்கணும்" என்றாள். வாங்கிக்கொண்டேன் குந்தவை. அம்மா அதைத்தான் உலையில் போட்டாள், இருவரும் சாப்பிட்டோம். தானம் வாங்கி வாழ்கிறவரும் தானம் கொடுக்க வேண்டும், ஏழைக்கும் விலக்கில்லை என்று யூதர்கள் சட்டத்தில் இருப்பதாக நீ சொன்னாய், இவள் அதைக் கேள்விப்படாமலே செய்துவிட்டாள். ஆனால் கொடுத்துப் பழகியவன் கை நீட்டிய பிறகு மனசை எங்கே வைப்பது என்று அதில் ஏதாவது இருக்கிறதா? மிரியம் அம்மாவிடம் கேட்டு எழுது என்று சொல்ல நினைத்தேன், கார்த்திகையிலிருந்து அவர்களுக்குப் பேச்சே போய்விட்டது என்றாயே.

குத்தகையை விட்டுவிடுவதாக நிலத்துக்காரர் புகழேந்தியிடம் சொல்லிவிட்டேன், அவர் தென்னை வைக்கப்போகிறாராம். இனி எனக்கு வயல் இல்லை, விட மூலையும் இல்லை. ராஜம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று வழியில் பார்த்து, அடுத்த நடவு எப்ப ஐயா என்று கேட்டாள். சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

பெருவுடையார் உன்னைக் காக்கட்டும். அங்கே சைரன் ஒலித்தால் யோசிக்காமல் கீழே பதுங்கறைக்கு இறங்கிவிடு, அந்த அம்மாவையும் விட்டுவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
கோவிந்தராசு