நான் அச்சிட மறுத்த படம்

என் செல்லத் தங்கை மாலதிக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. பத்து பாகாட் நகரில் நாம் சேர்ந்து தொடங்கிய சட்டை அச்சடிக்கும் கடையை இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வரைவாய், நான் அச்சிடுவேன் என்றுதானே ஆரம்பித்தோம்?

காஹாங்கில் நாம் பிறந்து வளர்ந்த பழைய செம்பனைத் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடலுக்குச் சட்டை கேட்டார்கள். நீ அம்மாவை வரைந்தாய். தலையில் துண்டு, முதுகில் களை மருந்து தெளிக்கும் பம்ப்பு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறார். நான் அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"புல்லுக்கு மருந்தடிச்சத யாரு லா நெஞ்சுல போட்டுக்குவா? மயில் வரைஞ்சு குடு."

"அங்க எல்லாரோட அம்மாவும் அதத்தானேக்கா செஞ்சாங்க? உனக்குத்தான் வெக்கமா இருக்கு."

உண்மைதான். இடைநிலைப்பள்ளியில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார் என்று பொய் சொன்னவள் நான். ஏதோ ஒரு மயிலைத் தேடி எடுத்து அச்சிட்டேன். அடுத்த மாதமே நீ சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டாய். மன்னிப்புக் கேட்க, நீ வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை இருந்தன? வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, மழையில், விபத்தில் நீ போய்விட்டாய் என்று போன் வந்தது.

போன மாதம் மறுபடி ஒன்றுகூடல். உன் கோப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் பச்சையும் கறுப்புமாக அச்சிட்டேன். மண்டபத்தில் வயதான பெண்கள் சட்டையை வாங்கிப் பார்த்து, "இது நான் லா" என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அம்மா சட்டையை மடியில் விரித்துப் பார்த்தார். "பம்ப்பு வாரு இடது தோள்ல வழுக்கிக்கிட்டே இருக்கும். சின்னப் புள்ள, அதையும் பார்த்து வெச்சிருக்கா. ஏன் எங்கிட்ட காட்டல?"

"நான்தாம்மா வெக்கப்பட்டு வேணாம்னு சொன்னேன்."

அம்மா திட்டவில்லை. சேலைக்கு மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"அவ கையால வாங்கிப் போட்டிருக்கலாம்," என்றார்.

அன்றிரவே உன் கோப்பை மறுபடி திறந்தேன், மாலதி.

அதில் நீ வரைந்த இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவர், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, லாரி ஓட்டிய மாமா. ஒருவரையும் விடமாட்டேன். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுப்பேன். வரைந்தது யார் என்று கேட்குமுன் நானே சொல்வேன்.

உன்னிடம் ஒத்துக்கொள்ளாததை அம்மாவிடம் ஒத்துக்கொண்ட,
உன் அக்கா சரோஜா