சாவு வீட்டு விளக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன்னை மண்ணில் வைத்த நாளிலிருந்து பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது.

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் உன்னைப் பற்றிப் பேசினார். சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்ன புண்ணியவதி என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. உன் புருஷன், என் மச்சான், எல்லாருக்கும் முன்னால் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. இப்போது ஊரில் வயதுப் பெண்களுக்கெல்லாம் உன் பக்தியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

நீ பக்தியினால் போகவில்லை அக்கா. உனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்.

மாதவிலக்கு நின்றதோடு உன் தூக்கமும் போயிற்று. கழுத்துக்கு மேலே தீ மூட்டியதுபோல் சூடு ஏறும், ரவிக்கை நனையும், பிறகு மார்கழிக் குளிர்போல் உடம்பு நடுங்கும் என்று நீயே என்னிடம் சொன்னாய். அரியலூருக்கு உன்னை வண்டி கட்டிக் கூட்டிப் போனவன் நான்தானே? டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கையைப் பிடித்துப் பார்த்தார். "வயசாவுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்தப் பொடியைத் தின்று உனக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இருட்டில் புரண்டு படுக்க முடியாமல் நீ எழுந்து விளக்கை ஏற்றுவாய். யுத்த காலம். சீமெண்ணெய்க்கு ரேஷன் கார்டு. மச்சான் படுத்த இடத்திலிருந்தே கத்துவாராம்: "அணைடி விளக்கை! சீமெண்ணெய் உங்கப்பன் வூட்டுலேருந்தா வருது?" நீ ஊதி அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாய். அந்த மனிதர்தான் கல்லறையில் அழுதார்.

பிறகு ஒரு நாள் கீழத்தெருவில் ஒரு கிழவர் இறந்துபோனார். நீ இரவெல்லாம் அங்கே இருந்துவிட்டு விடிந்ததும் என் வீட்டு வழியாகத் திரும்பினாய். முகம் தெளிந்திருந்தது. "தம்பி, சாவு வூட்டுல வெளக்க அணைன்னு யாரும் சொல்லலடா. ஏன் முழிச்சிருக்கேன்னும் ஒருத்தரும் கேக்கல" என்றாய். அதன்பின் நீ எந்தச் சாவையும் விட்டதில்லை. நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்குக்கூடப் போனாய்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பேசாமல்தான் இருந்தேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன் தம்பி பெண்டாட்டிக்கும் அந்த வயது வந்துவிட்டது.

இரவில் அவள் பாய் காலியாக இருக்கிறது. கேட்டால் "புழுக்கமா இருக்குங்க" என்கிறாள். தை மாதத்தில் என்ன புழுக்கம்? யுத்தம் முடிந்தும் எண்ணெய்த் தட்டுப்பாடு தீரவில்லை. அதனால் அவளும் இருட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சென்ற மாதம் எங்கள் தலைமையாசிரியரின் தாயார் இறந்தார். அந்த ஆளை உனக்குத் தெரியும். படிப்பிலும் அனுபவத்திலும் எனக்கு வர வேண்டிய நாற்காலியை மாமனார் சிபாரிசில் பிடித்தவன். அன்றிலிருந்து அவன் வாசற்படியை நான் மிதித்ததில்லை. சேதி வந்த சாயங்காலம் இவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"என்னங்க, நான் போயிட்டு வரேன்."

"அந்த வீட்டுக்கா? உனக்கு ரோசம் இல்லையா?"

"ரோசத்த நீங்க வச்சுக்குங்க. அங்க ராப்பூரா வெளக்கு எரியும்ல. நான் ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

சட்டையை மாட்டினேன், அக்கா. கொண்டுபோய் விட்டேன். பந்தலுக்குள் நுழையாமல், பக்கத்துச் சந்தில் மாடு அவிழ்த்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியன் காப்பி கொடுத்தனுப்பினான். குடிக்கவில்லை.

நடுச்சாமத்துக்கு மேல் நாலைந்து பெண்கள் காற்றுக்காகக் கொல்லைப் பக்கம் வந்தார்கள். இடையில் ஒரு வேலிதான். குரல்கள் எல்லாம் தெரிந்த குரல்கள். உன் சாவுக்கும் அவர்கள்தான் விடிய விடிய இருந்தார்கள். கருப்பட்டிக் காப்பிக்கு வந்த கூட்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"அப்பாடா, அடுப்புக்குள்ள ஒக்காந்த மாரி இருக்குடி. அந்த விசிறிய இப்படிக் குடு."

"எனக்கு மட்டும் ஐப்பசி மழையா? தூரம் நின்னதுலேருந்து இதே கூத்துதான்."

"ஈரத் துணியப் புழிஞ்சு கழுத்துல போட்டுக்க. பொழுது சாஞ்சா காப்பித் தண்ணியத் தொடாத. தூக்கம் வரலன்னா அதத் தேடிக்கிட்டுப் பாயில உருளாத, எந்திரிச்சு ஒக்காருன்னு பெரியக்கா சொல்லுமே."

"ஒக்காரலாம். எங்க ஒக்கார்றது? எவளாச்சும் மண்டையப் போட்டாத்தான நமக்கு வெளக்கு?"

"அடி பாவி! ஆத்தா உள்ள படுத்திருக்கு, மெதுவாப் பேசு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சொன்ன பெரியக்கா நீதான். ஊர் மெச்சுகிற உன் செபமாலைக் கூட்டம் முழுக்கத் தூக்கமில்லாத பெண்கள்! எனக்குக்கூடச் சொல்லாமல் எப்படிச் சேர்த்தாய்? முதலில் வந்தவள் யார்?

அப்புறம் என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "எங்க வூட்டுல அவருக்கும்தான் தூக்கமில்ல. எனக்கு ஒடம்பு. அவருக்குப் பழைய வழக்கு."

"வாத்தியாரம்மா, நமக்காச்சும் ஒரு நாள் இது அடங்கும்னு பெரியக்கா சொல்லுச்சு. அவருக்கு அது எந்த வயசுல நிக்குமாம்?"

மறுபடி சிரிப்பு. என்னை இப்படிக் கேலி செய்தும் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான். விடிகிறவரை இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்தேன். இதற்கு ஒரு கிழவி சாக வேண்டியிருந்ததா?

பக்கத்து ஊர்ச் சந்தையில் இலுப்பை எண்ணெய் வாங்கி வந்தேன். அதற்குக் கார்டு வேண்டியதில்லை. புகையும், வாடையும் கொஞ்சம் உண்டு. அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு கூடத்தில் அகலை ஏற்றி வைத்தேன். அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யாருங்க செத்தா?"

"யாரும் சாகலை. உட்காரு."

குனிந்து திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு உட்கார்ந்து, புளியை எடுத்து வைத்துக்கொண்டு கொட்டை நீக்கத் தொடங்கினாள். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். நேற்று மூன்று பேர். நான் பின்கட்டுக்குப் பாயை மாற்றிக்கொண்டேன். அவர்கள் பேச்சு காதில் விழாமலிருக்கக் கதவையும் சாத்திவிடுகிறேன்.

உனக்கு ஒரு சொல் தருகிறேன். நான் இருக்கிறவரை இந்தக் கூடத்தில் அந்த அகல் எரியும். தூக்கம் வராத பெண் யார் வந்தாலும் உட்காரலாம். தலைமையாசிரியன் மனைவி வந்தாலும் சரி. அவன் வரக்கூடாது. என் வழக்கு இன்னும் நிற்கவில்லை, அக்கா.

சாமியார் படிக்கிற மாதப் பத்திரிகைக்கே இதை அனுப்பப்போகிறேன். உன்னைப் பற்றி அவர் சொன்னதற்கு என் பதில் அச்சில் இருக்கட்டும். என் பெயரைப் போடத்தான் நினைத்தேன், பேனாவைக்கூட நனைத்துவிட்டேன். பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தவர்கள் யாரென்று தெரியும். நாளைக்கே ஒவ்வொரு புருஷனும் கதவைத் தாழ் போடுவான். அதனால் ஊரையும் எழுதவில்லை, உன் பெயரையும் எழுதவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன். உனக்கு என் கையெழுத்து எதற்கு?

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவன்