பொருட்காட்சியில் ராசாத்தி பாடுகிறாள்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
12 மார்ச் 1963

அன்புள்ள மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகவே இங்கே எல்லோரும் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் இருமல் நின்றதா? ஜாம்ஷெட்பூர் புகைக்குக் காலையில் ஜன்னலைத் திறக்காதே, வெந்நீரே குடி.

அப்பாவுக்கு வாதத்தில் விழுந்த வலது கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கல்லூரியில் என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள், அது நியாயம்தான். ஞாயிறு முதல் பூசைக்குப் போவதைத் தவிர நான் வாசல் தாண்டுவதில்லை, அந்த நேரம் மட்டும் உன் வியாகுலம்மாள் அத்தை அப்பாவிடம் உட்காருகிறாள். ஐப்பசியில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது அவள்தான் பதறிச் சாமியாரை அழைத்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசவைத்தாள். மறுநாள் காலை அப்பா கண் விழித்துக் காப்பி கேட்டார். இருந்தாலும் அத்தைக்கு இது அவஸ்தை பூசிய வீடு. ரேடியோவின் மேல் கறுப்புத் துணி போட்டாள், எடுக்கவில்லை. சாவும் வரவில்லை, துக்கமும் முடியவில்லை. போன வாரம் அப்பாவே குழறிக் குழறி, நான் இன்னும் சாகலைன்னு அவகிட்டச் சொல்லு என்றார். சொன்னேன். அத்தை, அண்ணனுக்குப் புத்தி தடுமாறுது அண்ணி என்று அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

உனக்கு எழுத வந்தது வேறு. வியாழன் மத்தியானம் நான் கொல்லையில் அப்பாவின் துணிகளை அலசும்போது அடுத்த வீட்டுச் சந்திரம்மாளின் ரேடியோவில் ஒரு பெண் பாடுகிறாள். பெயர் ராசாத்தி. கூடவே புல்புல்தாராவின் தந்தி ஒலி, மெட்டு நடவுப் பாட்டு மாதிரி, ஓட்டம் மட்டும் சினிமாப் பாட்டு மாதிரி. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. குரல் மூக்கில் நிற்கிறது, எதுகை கிடைக்காத இடத்தில் ஒரு ‘ங்க’ போட்டு ஒப்பேற்றுகிறாள். கிராமத்தைச் சீவிச் சிங்காரித்து விற்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ரயில்வே கேட் பாட்டு வந்தது.

கேட்டைச் சாத்திப் போட்டாங்க, கூட்ஸு வண்டி நீளமுங்க
அடுப்பில வெச்ச உலையிருக்கு, அந்தப் பக்கம் வீடுங்க

அடுத்து அவள் அழுவாள், இல்லை கேட்காரனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூட்ஸ் வண்டியைப் பார்த்து, நான் நிக்கிறேன், நீயாச்சும் போயிட்டு வா என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. நான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைப் பார்க்காதவளுக்கு இது எப்படித் தெரியலாம் என்று ஒரு கோபம். சந்திரம்மாளிடம் விசாரித்தேன். நம்ம மண்ணச்சநல்லூர்ப் பொண்ணுங்க, பாட்டு மெட்டு எல்லாம் அவளே கட்டுறது, கிராமபோன் பிளேட்டு ஒண்ணும் வரலீங்க, நீங்க எம்.ஏ. படிச்சவங்க, உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குதா என்று சிரித்தாள். பிடிக்கிறது என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

மே மாதம் புத்தூர் மைதானத்தில் பொருட்காட்சி. அதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ராசாத்தி பாடுகிறாள். அந்தச் சாயங்காலம் மட்டும் அப்பாவிடம் உட்காரும்படி அத்தையைக் கேட்டேன். அவஸ்தை பூசின வீட்டுக்காரி கச்சேரிக்குப் போனா ஊர் என்ன சொல்லும் அண்ணி, பூசைக்குப் போங்க நான் இருக்கேன், பாட்டுக்குப் போகணும்னா வேற ஆளைப் பாருங்க என்றுவிட்டாள். அப்பாவுக்கு என்னையும் அவளையும் விட்டால் வேறு யார் தூக்கி உட்காரவைத்தாலும் பயம். நீ வந்தால் பயப்பட மாட்டார்.

ஆகவே கேட்கிறேன். உன் பள்ளிக்கூடம் மே மாதம் மூடித்தானே இருக்கும். இதுவரை உன்னை வா என்று எழுதியதில்லை. அப்பாவைப் பார்க்க வருவதாக மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள், அதிலும் பொய்யில்லை. கூட்டம் சேருமுன் ரயில் டிக்கெட் எடுத்துவிடு, முடியாதென்றால் அதையும் உடனே எழுது.

உங்கள் இருவரையும் ஆண்டவர் கைவிடாமல் காப்பாராக.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் வந்துவிடுவேன். திரும்பி வருவேன், பயப்படாதே.

உன் அம்மா,
அக்னஸ்