கொடியில் காணாத துணி

அக்கா, இன்று காலை வடகம் காயவைக்க மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கொடியில் பிள்ளைத் துணிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. போன வாரம்தான் அங்கே பிள்ளை பிறந்தது. ஈரத்துணியும் சவுக்காரமும் கலந்த அந்த வாசம் வந்ததும் வடகத்தை மறந்துவிட்டு உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நான் மருமகளாக வந்த காலத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். எங்கள் மாமனாரின் நிலத்தை உங்கள் வீட்டுக்காரர் குத்தகைக்கு உழுதார். உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சர்க்கார் சொன்னதும் மாமனார் ஒப்பவில்லை; வழக்கு ஆரம்பித்தது, பேச்சு நின்றது. நீங்கள் குடத்தோடு எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அந்த வீட்டில் என் இஷ்டத்தை யார் கேட்டார்கள்?

அறுவடை நேரத்தில் என் மகளுக்குத் தட்டம்மை போட்டது. ஒன்றரை வயசு. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேற்றாள் உள்ளே வரக்கூடாது, மருந்தும் கூடாது. துணியை வெளுக்கப் போடக்கூடாது என்று நானே துவைத்துக் கொல்லைக் கொடியில் போடுவேன். நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தவள் ஒரு காலை அழுகையை நிறுத்தினாள். சூடும் குறைந்திருந்தது. அம்மை இறங்கிவிட்டாள், பிள்ளையை எழுப்பாதே என்றார் மாமியார். நானும் அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

உச்சிப் பொழுதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது.

"ஏம்மா, காலையிலேருந்து கொடியில துணியே காணோமே. புள்ள ஒண்ணுக்குப் போகலையா?"

போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் குடித்தாளா என்று கேட்டீர்கள். வாயில் வைத்தால் இழுக்கவில்லை என்றேன். வேலியை விலக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டீர்கள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தீர்கள். மூச்சு வேகமாக ஓடியது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கைகால் சில்லிட்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே சொருகிக்கொண்டாள். சாமி குத்தம் என்று மாமியார் சத்தம் போட்டார். நீங்கள் அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"எம்புள்ளையும் இப்படித்தாங்க அமைதியாப் படுத்திருந்தான். தூங்குறான்னு நெனச்சு நான் விசிறிக்கிட்டே இருந்தேன்."

உங்கள் தலைப்பிள்ளை போனது ஊருக்கே தெரியும். எப்படிப் போனான் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மாமியார் வழியை விட்டு விலகி நின்றார்.

என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தார், உங்கள்மேல் போட்ட வழக்குக்காகத்தான். உங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார். "வழக்கு கோர்ட்டுல கெடக்கட்டும், வண்டியப் பூட்டுங்க" என்றீர்கள். ஏற்றியிருந்த நெல் மூட்டைகளை அவர் அப்படியே இறக்கிப் போட்டார். நன்னிலம் ஆஸ்பத்திரிவரை மகளை மடியில் வைத்திருந்தது நீங்கள்தான். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடம்பில் நீரே இல்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டே ஊசி போட்டார். மறுநாள் அவள் ஊரைக் கூட்டி அழுதாள். அவள் நனைத்த துணியை நீங்கள் தூக்கிக் காட்டிச் சிரித்தீர்கள்.

யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், குடிக்கிறதா, ஒண்ணுக்குப் போகிறதா, கூப்பிட்டால் முழிக்கிறதா என்றுதான் இப்போதும் முதலில் கேட்கிறேன். காய்ச்சல் விட்டு அமைதியாகத் தூங்குகிறது என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்கிறேன். தொணதொணக்கிறேன் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆண்கள் அதன் பிறகும் வழக்கை விடவில்லை. வருஷக்கணக்கில் இழுத்துக் கடைசியில் உங்கள் பக்கம் தீர்ப்பானது. அன்று எங்கள் வீடு சாவு விழுந்த வீடாகக் கிடந்தது. மாமனார் சாப்பிடவில்லை. நான் அடுக்களையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா.